எலி ஏன் தட்டை விட்டு விலகியது? பசியடக்கி மருந்துகளும் விலங்குகளின் தீனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்திய மருந்துக் கடைகளில் வரிசையாக அறிமுகமானதிலிருந்து, விலங்கு நடத்தையும் மருந்தியலும் கற்பிக்கும் என்னிடம் சந்தேகங்கள் குவிகின்றன. மாணவர்கள், நாய் வளர்ப்பவர்கள், "எலிகளில் வெற்றி" என்ற செய்தியைப் படித்துவிட்டு வருபவர்கள் எனக் கேட்பவர்கள் பலவிதம். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாக்கியத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னவற்றை மறுபடி சொல்வதில்லை.

பசியடக்கி மருந்து என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாம் ஒரே வகைதானே?

உண்ணும் அளவைக் குறைக்கும் எந்த மருந்தும் இந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அவை ஒரே வகை அல்ல. மூத்தது ஆம்ஃபெட்டமின். 1887இல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களுக்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைகிறது என்பது 1930களில்தான் கவனத்துக்கு வந்தது. மூளையில் டோபமின், நார்அட்ரீனலின் என்ற நரம்புச் செய்திப் பொருட்களைப் பெருக்குவது அதன் வேலை. அடுத்து வந்த ஃபென்ஃப்ளூரமின், செரோடோனின் என்ற மற்றொரு செய்திப் பொருளைக் கூட்டியது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபன்ட், கஞ்சாவின் வேதிப்பொருள் போய் ஒட்டும் அதே ஏற்பியை (அணுவில் செய்தியை வாங்கும் புரதத்தை) அடைத்தது. இன்று பேசப்படும் லிராகுளூட்டைட், செமாகுளூட்டைட் ஆகியவை, சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடிப்பவை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே விஷயம், மருந்து பெற்ற எலியின் கிண்ணத்தில் தீனி மீதமிருக்கும் என்பதுதான். எப்படி மீதமானது என்பதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எலிக்குப் பசி குறைந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அது வாய் திறந்து சொல்லாதே?

எளிய வழி, கிண்ணத்தை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பது. பல பத்தாண்டுகள் இதை மட்டுமே செய்தார்கள். இன்றும் செய்திகளில் வரும் "உணவு இத்தனை சதவீதம் குறைந்தது" என்ற வாக்கியம் பெரும்பாலும் இந்தத் தராசிலிருந்துதான் வருகிறது.

அடுத்த படி, வேளைகளைப் பிரித்துப் பார்ப்பது. எலி நாள் முழுக்கக் கொறிப்பதுபோலத் தெரிந்தாலும் அதன் தீனி தனித்தனி வேளைகளாகவே அமைந்திருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி இரவில். எத்தனை வேளை, ஒரு வேளை எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், முதல் கடிக்கு முன் எவ்வளவு தயக்கம் ஆகிய நான்கையும் தனித்தனியாக அளந்தால், ஒரே எடைக்குறைவுக்குப் பின்னால் வெவ்வேறு கதைகள் தெரிய வரும். இந்த வகை ஆய்வை வளர்த்தவர்களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பிளண்டெல் முக்கியமானவர்.

தீனி குறைந்தால் பசி குறைந்தது என்றுதானே பொருள்? இதில் என்ன சிக்கல்?

ஒரு குழந்தை தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறது. வயிறு நிறைந்திருக்கலாம், வயிறு வலிக்கலாம், குழம்பு கசந்திருக்கலாம், தெருவில் நண்பர்கள் கூப்பிட்டிருக்கலாம். தட்டைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மருந்து கொடுத்த விலங்கிலும் இதே நான்கு வாய்ப்புகள் உண்டு. ஐந்தாவதாக, மருந்து அதைத் தள்ளாடவோ தூங்கவோ வைத்திருக்கலாம்.

தூக்க மருந்தை அதிகமாகக் கொடுத்தாலும் எலி சாப்பிடாது. அதைப் பசியடக்கி என்று யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூச்சப்பட வேண்டிய அளவுக்கு இது எளிய விஷயம். ஆனாலும் "தீனி குறைந்தது, ஆகவே பசியடக்கி" என்று முடியும் ஆய்வறிக்கைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வயிறு நிறைந்து நிறுத்தியதா, உடம்பு சரியில்லாமல் நிறுத்தியதா என்று பிரிக்க முடியுமா?

ஓரளவு முடியும். வயிறார உண்ட எலி ஓர் ஒழுங்கைப் பின்பற்றும். உண்பதை நிறுத்தும், கொஞ்சம் சுற்றி வரும், முகர்ந்து பார்க்கும், முகத்தையும் உடம்பையும் சுத்தம் செய்துகொள்ளும், பிறகு சுருண்டு படுக்கும். இதை நிறைவு நடத்தை வரிசை என்கிறோம்.

இதன் மதிப்பைக் காட்டியது 1975இல் நியூயார்க்கில் ஜெரார்ட் ஸ்மித், ஜேம்ஸ் கிப்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. எலியின் இரைப்பையில் ஒரு குழாய் பொருத்தி, குடித்த திரவ உணவு அப்படியே வெளியே வழியும்படி செய்தார்கள். வயிறு நிறையவே நிறையாது என்பதால் எலி குடித்துக்கொண்டே இருந்தது. அந்த நிலையில் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனைச் செலுத்தியபோது, அது குடிப்பதை நிறுத்தி, சுத்தம் செய்துகொண்டு, படுத்தது. மொத்த வரிசையும் வந்தது. மாறாக, உணவில் கசப்பான குவினைனைக் கலந்தபோதும் குடிப்பது நின்றது. ஆனால் எலி ஓய்வுக்குப் போகவில்லை. கிண்ணத்தின் கணக்கு ஏறக்குறைய ஒன்று, விலங்கின் நிலை வேறு. இந்தத் துறையில் ஒரே ஒரு பரிசோதனையைப் பாடமாக நடத்த நேரம் இருந்தால் நான் இதைத்தான் நடத்துவேன்.

ஆம்ஃபெட்டமின், ஃபென்ஃப்ளூரமின் இரண்டும் தீனியைக் குறைத்தன என்றால் எலியின் நடத்தையில் என்ன வித்தியாசம்?

ஏறக்குறைய நேரெதிர். ஆம்ஃபெட்டமின் பெற்ற எலி உண்ணத் தொடங்குவதையே தள்ளிப்போடுகிறது. கூண்டில் அலைகிறது, முகர்கிறது, தீனியைக் கடந்து போகிறது. ஒருவழியாகத் தொடங்கிவிட்டால் வழக்கத்தைவிட வேகமாகத் தின்கிறது. ஃபென்ஃப்ளூரமின் பெற்ற எலி வழக்கமான நேரத்தில் கிண்ணத்துக்கு வருகிறது, மெதுவாகத் தின்கிறது, சிறிய வேளையாக முடித்துக்கொள்கிறது. பிளண்டெல் குழு 1976இல் இந்த வித்தியாசத்தை விளக்கியது. முதல் மருந்து பசி தொடங்குவதைத் தொடுகிறது, இரண்டாவது நிறைவைச் சீக்கிரம் கொண்டுவருகிறது என்பது அவர்களின் வாசிப்பு.

முன் பதிலில் சொன்ன வரிசையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபென்ஃப்ளூரமினில் வரிசை குலையாமல் சற்று முன்னதாக வருகிறது. ஆம்ஃபெட்டமினில் கடைசிப் படியான ஓய்வு காணாமல் போகிறது. அளவு கூடினால் எலி ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டுவது, நக்குவது, கம்பியைக் கொறிப்பது என்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். அப்போது அது சாப்பிடாமல் இருப்பதற்குப் பசியைக் காரணம் காட்டுவது அபத்தம். வாயும் தலையும் வேறு வேலையில் இருக்கின்றன.

எலி வாந்தி எடுக்காது என்கிறார்களே, பிறகு குமட்டல் இருப்பது எப்படித் தெரியும்?

உண்மைதான், எலியும் சுண்டெலியும் வாந்தி எடுக்க இயலாதவை. அதனால் மறைமுக அடையாளங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, களிமண். குமட்டல் உண்டாக்கும் பொருளைச் செலுத்தினால் எலி, கூண்டில் வைத்திருக்கும் காவோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைத் தின்னத் தொடங்கும். மற்றொன்று, சுவை வெறுப்பு. புதிய சுவையுள்ள நீரைக் குடித்தபின் உடம்பு கெட்டால் அந்தச் சுவையை எலி மறப்பதில்லை; அடுத்த முறை ஒதுக்கும். ஜான் கார்சியா 1950களில் கதிர்வீச்சைக் கொண்டு இதைக் காட்டினார். நம் வயல்காரர்களுக்கு இது அனுபவமாகவே தெரியும். துத்தநாக பாஸ்பைடு என்ற விஷம் கலந்த தீனியைத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் வராது. அதனால்தான் முதல் சில நாட்கள் விஷமில்லாத தீனியை வைத்துப் பழக்குகிறார்கள்.

வாந்தியையே பார்க்க வேண்டுமென்றால் வேறு விலங்கு வேண்டும். ஆய்வகங்களில் அதற்குப் பயன்படுபவற்றில் ஒன்று நம் வீட்டு மூலைகளில் இரவில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு. எலிபோலத் தெரிந்தாலும் அது எலி இனமல்ல. நன்றாக வாந்தி எடுக்கும்.

சுவை வெறுப்பு வந்தாலே அந்த மருந்து குமட்டலால்தான் தீனியைக் குறைத்தது என்று சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஆம்ஃபெட்டமினும் சுவை வெறுப்பை உண்டாக்குகிறது. ஆனால் அதே ஆம்ஃபெட்டமினை எலி லீவரை அழுத்தித் தானாகவே செலுத்திக்கொள்ளவும் செய்கிறது. குமட்டும் ஒன்றை யார் கேட்டு வாங்குவார்கள்?

கனடாவில் லிண்டா பார்க்கர் செய்த ஆய்வுகள் இந்தப் புதிருக்கு ஒரு வழி காட்டின. சுவைநீரை எலியின் வாயில் நேரடியாக ஊற்றி முகத்தைப் பார்க்க வேண்டும். லித்தியம் குளோரைடு போன்ற குமட்டும் பொருளோடு இணைந்த சுவை என்றால் எலி வாயை அகலப் பிளந்து அருவருப்பைக் காட்டும். ஆம்ஃபெட்டமினோடு இணைந்த சுவை என்றால் அந்தப் பிளப்பு வராது. குடிப்பதை மட்டும் தவிர்க்கும். ஒதுக்குவது வேறு, அருவருப்பது வேறு.

இப்போது எல்லோரும் போட்டுக்கொள்ளும் ஊசிகளும் குமட்ட வைத்துத்தான் எடையைக் குறைக்கின்றனவா?

குமட்டல் இருக்கிறது, ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஜிஎல்பி-1 மூளையில் நேரடியாகத் தீனியைக் குறைக்கும் என்பது 1996இல் லண்டனில் எலிகளிடம் காட்டப்பட்டது. அதே ஆய்வில், அந்த ஏற்பியை அடைக்கும் பொருளைச் செலுத்தியபோது வயிறு நிறைந்த எலிகளும் மேலும் தின்றன. அதாவது உடம்பின் சொந்த ஜிஎல்பி-1 ஏற்கெனவே ஒரு கடிவாளமாக வேலை செய்துகொண்டிருந்தது. நரம்பணுக்களில் இந்த ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளிடம் லிராகுளூட்டைட் தீனியைக் குறைக்கவில்லை. ரத்தச் சர்க்கரையை மட்டும் குறைத்தது. ஆகவே "வயிறு மெதுவாகக் காலியாவதால்தான் பசிக்கவில்லை" என்ற பிரபலமான விளக்கம் போதாது.

குமட்டலையும் நிறைவையும் பிரிக்க முடியுமா என்பதற்கு நல்ல பதில் 2024இல் வந்தது. பிலடெல்பியாவின் மோனெல் மையத்தைச் சேர்ந்த ஆம்பர் அல்ஹடெஃப் குழு, சுண்டெலியின் பின்மூளையில் அருகருகே இருக்கும் இரண்டு இடங்களைத் தனித்தனியாகத் தூண்டியது. ஒன்று, ரத்தத்தில் வரும் நச்சை மோப்பம் பிடிக்கும் ஏரியா போஸ்ட்ரீமா. அங்குள்ள ஜிஎல்பி-1 ஏற்பி அணுக்களைத் தூண்டினால் வெறுப்பு வந்தது. மற்றது, குடலிலிருந்து செய்தி வாங்கும் தனிவழி நரம்புக்கரு. அங்கே தூண்டினால் தீனி குறைந்தது, வெறுப்பு வரவில்லை. இன்றைய ஊசிகள் இரண்டு கதவுகளையும் சேர்த்தே தட்டுகின்றன. மூஞ்சூறுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த எக்செனடைட் கொடுத்தால் வாந்தி வருவது அதனால்தான்.

இந்த மருந்து ஏதோ பல்லியின் விஷத்திலிருந்து வந்ததாமே? அந்தப் பல்லிக்குப் பசியே எடுக்காதா?

முதலில் வந்த எக்செனடைட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1ஐப் போன்ற எக்ஸெண்டின்-4 என்ற பொருள் இருப்பதை ஜான் எங் 1992இல் அறிவித்தார். அதன் செயற்கை வடிவம் 2005இல் நீரிழிவு மருந்தாக அனுமதி பெற்றது. செமாகுளூட்டைட் பல்லியிலிருந்து வந்ததல்ல. மனித ஹார்மோனைத் திருத்தி அமைத்தது.

அந்தப் பல்லி வருடத்தில் சில முறை மட்டுமே பெரிய இரை எடுத்து, வாலில் கொழுப்பைச் சேமித்துக் காலம் தள்ளும் பிராணி. அதனால் "தன் பசியைத் தானே அடக்கிக்கொள்கிறது" என்று அழகாகக் கதை கட்டிவிடலாம். ஆனால் ஆராய்ந்தபோது, எக்ஸெண்டின்-4 அந்தப் பல்லியின் சொந்த ரத்தச் சர்க்கரையைக்கூட மாற்றவில்லை. கடிக்கும்போது தாடை அசைவால் சுரக்கும் பொருள் அது.

நாளாக நாளாக விலங்கு மருந்துக்குப் பழகி, பழையபடி தின்னத் தொடங்கிவிடுமா?

தின்னத் தொடங்கும். ஆனால் "பழகிவிட்டது" என்பதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது கற்றல். 1971இல் கார்ல்டன், வோல்ஜின் இருவரும் எலிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால் வைப்பதற்கு முன் ஆம்ஃபெட்டமின்; மற்றதற்குப் பால் குடித்து முடித்த பிறகு. இரண்டுக்கும் அதே மருந்து, அதே அளவு. முன்னதாகப் பெற்றவை நாளடைவில் பழையபடி குடித்தன. பின்னதாகப் பெற்றவைக்கு ஒருநாள் முன்னதாகக் கொடுத்துப் பார்த்தபோது, புதிதாக மருந்தைக் கண்ட எலிபோலக் குடிக்காமல் நின்றன. மருந்து உடம்பில் ஏறியது மட்டும் பழக்கத்துக்குப் போதவில்லை. மருந்தின் பிடியில் இருந்தபடி உண்ண முயன்றிருக்க வேண்டும். பிறகு வந்த ஆய்வுகளில் வோல்ஜின் இதற்குக் கொடுத்த விளக்கம்: எலி தன் அலைச்சலையும் தலையாட்டலையும் அடக்கி, கிண்ணத்தின் முன் நிற்கக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது எடை. டேவிட் லெவிட்ஸ்கி 1981இல் காட்டியது இது: ஃபென்ஃப்ளூரமின் தொடங்கும் முன்பே தீனியைக் குறைத்து எலிகளை இளைக்க வைத்துவிட்டால், பிறகு மருந்து கொடுத்தாலும் அவை குறைவாகத் தின்பதில்லை. அப்படியானால் சாதாரண எலி சில வாரங்களில் பழைய அளவுக்குத் தின்பது மருந்து தோற்றதால் அல்ல. எடை ஒரு புதிய தாழ்ந்த மட்டத்துக்கு வந்துவிட்டது. அதைக் காக்க வழக்கமான தீனி தேவைப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் எலி கூடுதலாகத் தின்று எடையைத் திரும்பப் பிடித்துவிடும். ஊசியை நிறுத்தியவர்களின் அனுபவமும் இதுவே.

பகலில் சோதிப்பதா, இரவிலா? பட்டினி போட்ட எலியா, சாப்பிட்ட எலியா? இதெல்லாம் முடிவை மாற்றுமா?

மாற்றும். எலி இரவுப் பிராணி. மனிதர்களின் வசதிக்காகப் பகலில், பட்டினி போட்டு, ஒரு மணி நேரம் மட்டும் தீனி வைத்துச் சோதித்தால், மருந்து மோதுவது இயல்பான பசியோடு அல்ல, அவசரப் பசியோடு. முன்னே சொன்ன வேளைக் கணக்கை இந்த முறையில் எடுக்கவே முடியாது.

பட்டினி போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவின் விதிகளும், ஒவ்வொரு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. இரவில், இயல்பாகத் தின்னும் எலியைக் கேமராவில் பார்ப்பது அறத்துக்கும் நல்லது, அறிவியலுக்கும் நல்லது.

பசி இல்லையா, சோம்பலா? உழைத்துச் சாப்பிட மனமில்லாமல் இருந்தால்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சாலமோன் இதற்காகவே ஒரு சோதனையை அமைத்தார். கூண்டில் ஒரு பக்கம் லீவரைப் பலமுறை அழுத்தினால் விழும் சுவையான உருண்டை. மறுபக்கம் தரையில் இலவசமாகக் கிடக்கும் சாதாரணத் தீனி. நல்ல நிலையில் உள்ள எலி பெரும்பாலும் உழைத்து உருண்டையைத் தின்னும்.

டோபமினை அடைக்கும் மருந்து கொடுத்தால் லீவர் அழுத்துவது குறைகிறது. ஆனால் இலவசத் தீனியை எலி வழக்கத்தைவிட அதிகமாகத் தின்கிறது. பசி போகவில்லை, உழைக்கும் மனம்தான் போனது. ஃபென்ஃப்ளூரமின் கொடுத்தால் உருண்டையும் குறைகிறது, இலவசத் தீனியும் குறைகிறது. சோதனைக்கு முன்பே வயிறார ஊட்டிய எலியைப் போல. லீவர் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இரண்டையும் பசியடக்கி என்றே எழுதியிருப்பார்கள்.

இனிப்பு, எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் உள்ள ஆசையை மட்டும் குறைக்கும் மருந்து உண்டா?

ரிமோனபன்ட் அப்படித்தான் எதிர்பார்ப்போடு வந்தது. விலங்குகளில் இனிப்பான, சுவையான தீனியை அது எளிதாகக் குறைத்தது. ஆனால் நடத்தையை உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். மருந்து பெற்ற எலி ஓயாமல் சொறிந்துகொண்டும் மயிரைக் கோதிக்கொண்டும் இருந்தது. நிறைவு வரிசை சிதைந்திருந்தது. உண்ணும் நேரத்தின் ஒரு பங்கைச் சொறிதல் தின்றுவிட்டது.

மனிதர்களில் வந்தது மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். 2007இல் அமெரிக்காவின் ஆலோசனைக் குழு மறுத்தது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவும் நிறுத்தியது. சொறிதலிலிருந்து மனச்சோர்வை யாரும் ஊகித்திருக்க முடியாது. ஆனாலும் "இந்த விலங்கு அமைதியாக வயிறு நிறைந்து படுக்கவில்லை" என்ற தகவல் கூண்டிலேயே இருந்தது.

எங்கள் லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் போதாது என்கிறது. அதற்கும் மருந்து இருக்கிறதா?

உங்கள் நாயின் மேல் பழி போடாதீர்கள். கேம்பிரிட்ஜின் எலினார் ராஃபன் குழு 2016இல் கண்டறிந்தபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு போம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. மூளை நிறைவை அறியும் பாதையில் உள்ள மரபணு அது. அத்தகைய நாய்கள் தீனிக்காக அதிகம் மன்றாடும், எடையும் கூடும். ஃபென்ஃப்ளூரமின் வேலை செய்ததும் இதே போம்சி நரம்பணுக்கள் வழியாகத்தான்.

நாய்க்கென்றே ஒரு மருந்து வந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிர்லோடபைட். அது மூளைக்குப் போவதில்லை. குடல் சுவரின் அணுக்கள் கொழுப்பை ரத்தத்துக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. கொழுப்பு அங்கேயே தேங்க, போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. எடைக்குறைவின் பெரும்பங்கு இப்படித் தீனி குறைவதால் வந்ததே. வாந்தி அதன் பொதுவான பக்கவிளைவு, மருந்தை நிறுத்தினால் பசி சீக்கிரம் திரும்பிவிடும். சந்தையில் அது நிலைக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், தீனியை அளந்து போடும் ஒரு டம்ளர் போதும்; வீட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பதை நிறுத்துவதுதான் கடினம்.

பூனைக்கும் அதையே கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. குண்டுப் பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும். டிர்லோடபைட்டைப் பூனைக்குத் தரக்கூடாது என்பது அதன் எச்சரிக்கையிலேயே இருந்தது. பூனை மருத்துவத்தில் பெரும்பாலும் தேவைப்படுவது இதற்கு எதிரானது: சாப்பிட வைக்கும் மிர்டாசபின் போன்ற மருந்துகள்.

நாய் என் எடைக்குறைப்பு மாத்திரையைத் தின்றுவிட்டது. பசிதானே குறையும், பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும். ஆம்ஃபெட்டமின் வகையாக இருந்தால் நாய்க்குப் படபடப்பு, உடல்சூடு, வலிப்பு வரலாம். வீட்டில் உப்பு கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கொடம்புளி பசியை அடக்கும் என்று விளம்பரம் வருகிறதே, எலிகளில் நிரூபித்திருக்கிறார்களாமே?

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன்குழம்பில் போடும் அதே கொடம்புளிதான். அதிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் எலிகளின் தீனியைக் குறைத்ததை 1970களின் ஆய்வுகள் காட்டின. ஆனால் 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரங்கள் நடத்திய சோதனையில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் கொடம்புளிச் சாறு எடுத்தவர்களுக்கும் எடைக்குறைவில் வித்தியாசம் இல்லை. விளம்பரத்தில் எலி மட்டும் வருவது ஏன் என்று புரிந்திருக்கும். கொடம்புளி கலந்த எடைக்குறைப்பு மாத்திரைகளோடு கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம்.

செரோடோனின் கூடினால் எல்லா உயிரினத்திலும் பசி குறையுமா?

இல்லை. பாலூட்டிகளில் அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. ரத்தம் உறிஞ்சும் மருத்துவ அட்டைப்பூச்சியிலோ தலைகீழ். சார்லஸ் லென்ட், மைக்கேல் டிக்கின்சன் இருவரும் 1980களில் காட்டியபடி, செரோடோனின் கலந்த நீரில் கிடந்த அட்டை விரைவாகக் கடிக்கிறது, அதிகமாக உறிஞ்சுகிறது. செரோடோனின் தீர்ந்த அட்டை கடிப்பதையே நிறுத்துகிறது. மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவிலும் செரோடோனின் தொண்டையை வேகமாக இயக்கி இரையை உள்ளே இழுக்க வைக்கிறது. மூலக்கூறு பழையது, எந்த உயிரில் எந்த நரம்புச்சுற்றில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே வேலை.

கொசுவுக்குப் பசியடக்கி கொடுத்தார்களாமே? விளையாட்டுச் செய்தியா?

உண்மைச் செய்தி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பெண் கொசு வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டால், முட்டையிடும் வரை சில நாட்களுக்கு மனிதர்கள் பக்கம் வராது. அந்த நிறைவைப் பொய்யாக உண்டாக்க முடியுமா என்று பார்த்தவர்கள் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் லாரா டுவாலும் லெஸ்லி வாஸ்ஹாலும். மனித உடற்பருமனுக்காக உருவாக்கிய, நியூரோபெப்டைடு ஒய் ஏற்பியைத் தூண்டும் பொருளைக் கொசுவுக்குக் கொடுத்தபோது, மனித வாடை ஏறிய நைலான் காலுறையை நீட்டியும் அது அசட்டையாக இருந்தது.

மனித மருந்தை வெளியில் விட முடியாது என்பதால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்து, கொசுவின் ஏற்பியை மட்டும் தூண்டும் ஒன்றைத் தேர்ந்தார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. கொசுவை இதைக் குடிக்க வைப்பதுதான் பெரிய வேலை. கொல்லாத மருந்து என்பதால் எதிர்ப்புத்திறன் வளர்வது தாமதமாகலாம் என்பது அவர்களின் நம்பிக்கை.

இவ்வளவு விலங்குச் சோதனை நடந்தும் ஃபென்ஃப்ளூரமினின் ஆபத்து ஏன் முன்பே தெரியவில்லை?

தீனியைப் பார்த்தவர்கள் தீனியை மட்டும் பார்த்தார்கள். 1997 ஜூலையில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், ஃபென்ஃப்ளூரமினை ஃபென்டெர்மின் என்ற மற்றொரு பசியடக்கியோடு சேர்த்து எடுத்த 24 பெண்களின் இதய வால்வில் பாதிப்பைக் கண்டதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உடம்பில் அது நார்ஃபென்ஃப்ளூரமினாக மாறி, வால்வில் இருக்கும் 5-எச்டி2பி ஏற்பியைத் தூண்டித் திசுவைத் தடிக்க வைக்கிறது என்பது பிறகு தெரிந்தது. எலியின் கிண்ணத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், சுத்தம் செய்துகொண்டு படுக்கும் வரை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், இது அதில் தெரியாது.

அதே மருந்து 2020இல் அமெரிக்காவில் மறுபடி அனுமதி பெற்றது. எடைக்காக அல்ல, ட்ராவெட் என்ற கடுமையான குழந்தை வலிப்பு நோய்க்கு, குறைந்த அளவில், இதயத்தை அடிக்கடி ஸ்கேன் செய்து பார்க்கும் நிபந்தனையோடு. அதன் பக்கவிளைவுப் பட்டியலில் பசிக்குறைவும் இருக்கிறது.